கப்பல் தங்கும் ஒரு பகல்

"ஐயா, நாளைக் காலை எங்கள் கப்பல் ஒரு தீவிலே நிற்கும், மாலையிற் புறப்பட்டுவிடும். எனக்கு ஐந்து மணி நேரம் ஓய்வு தந்திருக்கிறார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் நான் என்ன செய்வது?"

கரீபியன் கடலிலிருந்து இவ்வினா என் கைத்தொலைபேசிக்கு வந்தபோது நான் திம்புள்ளையிலே, தை மாதக் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மாணவர் எழுதிய புணர்ச்சி விதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. டெவன், சென்கிளேயர் என்னும் நீர்வீழ்ச்சிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்த மலைநாட்டவன் நான். பிராசீனக் கல்லூரியிலே நன்னூல் கற்பிப்பது என் தொழில். கப்பலில் ஒரு நாளேனும் ஏறியவன் அல்லேன். என்னிடம் போய்க் கப்பற்காரன் ஒருவன் வழி கேட்கிறானே!

கேட்டவன் என் பழைய மாணவன். எங்கள் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, கொழுந்து பறிக்கும் தாயின் உழைப்பிலே படித்து, விடுதித் தொழில் பயின்று, உல்லாசக் கப்பலொன்றில் அறைப் பணியாளனாகச் சேர்ந்தவன். ஐயம் தோன்றும்போதெல்லாம் ஆசிரியனைக் கேட்பது அவன் பழக்கம். பள்ளியை விட்ட பின்னும் அது மாறவில்லை.

இத்தகைய கப்பற் பயணத்தை அறியாத நேயர்களுக்காக அதன் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஈராயிரம் மூவாயிரம் பேரை ஏற்றிய பெருங்கப்பல் இரவெல்லாம் ஓடி, விடியும் வேளையில் ஒரு துறையை அடையும். பயணிகள் காலையுணவு முடித்து இறங்குவர். கப்பல் புறப்படுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக எல்லோரும் ஏறிவிட வேண்டும். கப்பலார் தாமே ஒழுங்கு செய்த சுற்றுலாவிற் சென்றோர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தம் விருப்பப்படி தனியே சென்றோர்க்கு அச்சலுகை இல்லை. அவர்கள் தம் செலவிலேயே அடுத்த துறைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். இன்னொரு நுட்பமும் உண்டு. கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. இறங்குவோர் கப்பலின் நேரத்தையே கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

கரீபியன் தீவுகளிலே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இக்கப்பல்களுக்கு நற்பருவம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். நற்பருவத்திலே இறங்குவோர் கடலாடுவர். நீருள் மூழ்கிப் பவளப் பாறைகளைக் காண்பர். தீர்வையில்லாத கடைகளிற் பொருள் வாங்குவர். பணம் கொடுத்து ஓய்வு தேடி வந்தவர்கள் அவ்வாறு மகிழ்வதிற் பிழையொன்றுமில்லை. ஆனால் அவர்கள் உறங்கிய படுக்கையைச் சீர் செய்யும் பணியாளனுக்கோ, ஐந்து மணி நேரம் கிடைப்பதே அருமை. அதை வீணாக்கலாகாது என்று அவன் எண்ணியது நியாயமே.

"தீவின் பெயர் என்ன?" என்று கேட்டேன். "குவாதலூப்பு" என்றான்.

அப்பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அங்கே மாரியம்மன் இருக்கிறாள். தேடிப் பார்" என்று எழுதினேன்.

பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் 1848-ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலியாட்களுக்குக் கடல் கடந்து கை நீட்டினர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழ் மக்கள் ஒப்பந்தத்தின் பேரிலே கப்பலேற்றப்பட்டனர். 1853-இல் மார்த்தினிக்குத் தீவிலும், 1854-இல் குவாதலூப்பிலும் முதற் கப்பல்கள் அவர்களை இறக்கின. காலப்போக்கிலே வீட்டு வழக்கிலிருந்து தமிழ் மறைந்தது, தெய்வங்கள் மறையவில்லை. மாரியம்மன் அங்கே மலியேமேன் ஆனாள். மதுரைவீரன் மல்தெவிலின் ஆனான். கப்பெஸ்டெர் பெல் ஓ என்னும் ஊரிலே அம்மனுக்குக் கோயில் உண்டு. அவ்வூரிலே 1863-இற் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார், இந்திய வழியினர்க்கு வாக்குரிமையும் குடியுரிமையும் வேண்டி 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல் அதனைப் பெற்றுத் தந்தார். இலங்கையிலே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 2003-ஆம் ஆண்டு வரை அதன் எச்சத்தோடு போராடிய மலையக மக்களின் பிள்ளைக்கு அப்பெயர் அந்நியப் பெயராக முடியுமா?

மறுநாள் அவனிடமிருந்து கோயிற் கோபுரத்தின் படம் வந்தது. கூடவே ஒரு செய்தி: "ஐயா, இங்கே ஒரு கறி சாப்பிட்டேன். அதன் பெயர் கொலம்போ! நம் ஊர்ப் பெயரை எப்படிக் கறிக்கு வைத்தார்கள்?"

இலக்கண ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன விருந்து வேண்டும்? அத்தீவுகளிலே கொலம்போ என்பது மசாலாத் தூளுக்கும் அதனாற் சமைத்த கறிக்கும் பெயர். கொழும்பு நகரின் பெயரே அங்கே சென்றது என்பர் சிலர். தமிழரின் குழம்பே பிரெஞ்சு நாவிலே ழகரம் இழந்து கொலம்போ ஆயிற்று என்பர் வேறு சிலர். கொழும்பா, குழம்பா? நான் இரண்டாவது கட்சி. காரணங்களை மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். "சரி ஐயா" என்று மட்டும் மறுமொழி வந்தது. அவனுக்கு அப்பொழுது வேலை நேரம் போலும்.

பருவம் முடிந்ததும் அக்கப்பல் கீழைக் கடல்களுக்குத் திரும்பியது. சித்திரை மாதத்திலே அவன் எழுதினான்: "கப்பல் கொழும்பிலே ஒரு பகல் தங்கும். எனக்குக் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை ஓய்வு. அம்மாவை அழைத்து வருவீர்களா, ஐயா?"

அவன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதங்களாகியிருந்தன. தொழிலிற் சேர்வதற்காகப் பட்ட கடன் தீராமையால், விடுமுறையைத் தள்ளிப்போட்டு ஒப்பந்தத்தை நீட்டியிருந்தான். இந்த ஐந்து மணி நேரத்தை விட்டால் இன்னும் எத்தனை மாதமோ!

அவன் ஏன் தோட்டத்துக்கு வந்து போகக்கூடாது என்று நேயர்கள் கேட்கலாம். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹற்றனை அடைந்து, அப்பாலும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து திம்புள்ளையை அடைய ஐந்து மணி நேரமாகும், இறங்குவதற்கும் அவ்வளவே. வீட்டு வாசலை மிதிக்கும்போது கப்பல் கடலில் இருக்கும். கொழும்பில் ஒரு பகல் தங்கும் கப்பற் பயணிகளுக்கும் இதையே சொல்வேன். கண்டிக்குப் போய் மீள்வதே நெருக்கடியான காரியம். தேயிலை நாட்டைக் காண விரும்புவோர் வேறொரு முறை நிலத்தின் வழியாக, நாலு நாள் தங்க வரட்டும்.

நான் இரண்டு இரவு விழித்திருந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். ஐந்து மணி நேரம், ஐந்து இடங்கள்.

முதலாவது, துறைமுகத்துக்கு அணித்தாகிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 19-ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கருங்கல்லாற் புதுக்கினார். இரண்டாவது, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள். மூன்றாவது, 1877-இல் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி நிறுவிய நூதனசாலை. நான்காவது, துறைமுகத்தின் எதிரே கப்பற் பயணிகளுக்கென்றே 1875-இல் எழுந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். ருஷிய எழுத்தாளர் செக்கோவ் 1890-இற் கொழும்பில் இறங்கியபோது தங்கிய இடம். ஐந்தாவது, காலிமுகத்திடல்.

இவற்றுள் என் நெஞ்சுக்கு உகந்தது நூதனசாலை. அங்கே ஒரு கல் இருக்கிறது. சீன மாலுமி செங் ஹோவின் கப்பற்படை, 1409-ஆம் ஆண்டைப் பொறித்துச் சீனத்திலேயே செதுக்கி, கடல்வழியே கொண்டுவந்து காலியில் நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு. சீனத்திலே புத்தருக்கு வணக்கம். தமிழிலே தேனாவரை நாயனாருக்கு வணக்கம். பாரசீகத்திலே அல்லாஹ்வுக்கு வணக்கம். ஒவ்வொருவர்க்கும் பொன், வெள்ளி, பட்டு, நறுமணப் பொருள், விளக்கெண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். துறையில் இறங்கிய வேற்று நாட்டவன் அவ்வூர்த் தெய்வங்களை அவ்வவர் மொழியிலே வணங்கிய அக்காட்சியை நினைத்து நான் பலமுறை உருகியதுண்டு. அதே செங் ஹோ 1411-இல் இங்கே போரிட்டு அரசனைச் சிறை கொண்டு போனதும் வரலாறே. அதையும் மாணவர்க்கு மறைப்பதில்லை. பிற்காலத்தில் அக்கல் காலி நகரிலே நீரோடையொன்றை மூடும் பலகையாகக் கிடந்து, 1911-இல் மீண்டும் வெளிப்பட்டது. கடலோடும் என் மாணவன் இக்கல்லின் முன் நிற்க வேண்டும். நான் அதன் தமிழைப் படித்துக் காட்ட வேண்டும். இதுவே என் ஆசை.

இரவுப் பஸ்ஸிலே ஹற்றனிலிருந்து புறப்பட்டோம். அத்தாய் மறுநாட் பேரை இழந்து வந்திருந்தாள். மடியிலே ஒரு பொட்டலம். வாழையிலையிற் சுற்றிய தேங்காய் ரொட்டி. கோயிலுக்குப் போவதாக நான் சொன்னதால் மாசி சேர்க்காத கட்டச் சம்பல். ஒரு பை தேயிலைத் தூள். கித்துல்கல கடந்ததும் குளிர் நீங்கியது. அவள் பேசத் தொடங்கினாள்.

"எங்க அக்கா கப்பல்ல போனப்ப எனக்கு ஏழு வயசுங்க ஐயா. ஹற்றன் ஸ்டேசன்ல அழுதது ஞாபகம் இருக்கு. அக்கா முகந்தான் ஞாபகம் இல்ல."

1964-ஆம் ஆண்டு அக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974-இல் தீர்க்கப்பட்டது. மலையகப் புகைவண்டி நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிக்கு நம் மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. அண்ணனை அனுப்பித் தம்பி நின்றான். அக்காளை அனுப்பித் தங்கை நின்றாள். 1984-இல் இராமேசுவரக் கப்பலும் நின்றுபோயிற்று. ஆகவே எங்கள் லயங்களிலே கப்பல் என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் போதாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் முன்னோரைக் கொண்டுவந்து இறக்கியதும் அது. பின் உடன்பிறந்தோரைக் கொண்டுபோனதும் அது. போன கப்பல் மீண்டு வந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பத்து மணி கழிந்து சிறிது நேரத்திலே அவன் துறைமுக வாயிலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். பின் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை படிந்த அவள் விரல்களுக்கிடையே, சோப்பு நீரில் ஊறி வெளுத்து வெடித்த அவன் விரல்கள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். "நேரம் குறைவு. முதலிற் கோயில். பதினொன்றரைக்கு நூதனசாலையில் இருக்க வேண்டும்" என்றேன்.

கோயிலிலே பூசை கண்டோம். வெயிலிலிருந்து உட்புகுந்தவர்க்குக் கருங்கல் மண்டபத்தின் தண்மை பெரிய ஆறுதல். வெளி விறாந்தையில் அமர்ந்து அவன் ரொட்டியைப் பிட்டுச் சம்பலைத் தொட்டுத் தின்றான். ஆறு ரொட்டி கட்டியிருந்தாள்; ஆறையும் தின்றான். கை கழுவி வந்து தூணிலே சாய்ந்தான். தாயிடம் ஏதோ சொல்லத் தொடங்கினான். சொல் முடியுமுன் கண் மூடியது. சரிந்து அவள் மடியிலே தலை வைத்து உறங்கிவிட்டான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால். எழுப்புவதற்காகக் குனிந்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வேலை முடிஞ்சிச்சாம், ஐயா."

முப்பது ஆண்டு கால ஆசிரியத் தொழிலிலே என் முன்னால் எந்த மாணவனையும் உறங்க விட்டவன் அல்லேன். அன்று விட்டேன். கோயிற் பணியாளர் ஒருவர் வந்தார். விறாந்தையிற் படுப்பது வழக்கமில்லை என்று சொல்லவே வந்திருப்பார். "கப்பலிலிருந்து வந்த பிள்ளை" என்றேன். அவர் தாயையும் மகனையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விலகிச் சென்றார்.

சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே அவள், "அந்தத் தாள்ல என்னங்க ஐயா எழுதியிருக்கு?" என்று மெல்லக் கேட்டாள். வேறு வேலை இல்லாமையால் நானும் சொன்னேன். மும்மொழிக் கல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொன்னேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மூணு சாமிக்கும் ஒரே மாதிரித்தான் குடுத்தாங்களா?"

"ஏறக்குறைய ஒரே அளவுதான்."

"ஒருத்தருக்கும் குறைச்சு வைக்கல. நல்லது" என்றாள்.

அக்கல்வெட்டைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பல. இவ்வளவு சுருக்கமான உரையை எங்கும் கண்டதில்லை.

இரண்டு மணிக்கு அவன் விழித்தான். "ஏன் என்னை எழுப்பவில்லை?" என்று பதறினான். மூன்று மணிக்குள் வாயிலுக்கு மீள வேண்டும். நூதனசாலையும் போயிற்று, செட்டியார் தெருவும் போயிற்று, செக்கோவ் தங்கிய ஹோட்டலை முச்சக்கர வண்டியிலிருந்து கண்ணாற் கண்டதோடு சரி.

வாயிலிலே அவன் ஒரு சிறு தகரப் பேணியைத் தாயின் கையிற் கொடுத்தான். குவாதலூப்பில் வாங்கி, இத்தனை கடல் கடந்து பாதுகாத்து வைத்த கொலம்போத் தூள். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு…" என்று எண்ணினாள். பிறகு, "நம்ம குழம்புத்தூளுதானே தம்பி! இதையா காசு குடுத்து வாங்கின?" என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். என் மூன்று பக்க ஆராய்ச்சியை அவள் ஒரு மூச்சிலே முடித்துவிட்டாள். தேயிலைப் பையை அவன் கையிலே திணித்தாள். அவன் என் காலைத் தொட்டான், உள்ளே சென்றான்.

மாலையிலே காலிமுகத்திடலில் இருந்தோம். பெண்டிரும் சிறாரும் காற்று வாங்குவதற்கென்று தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859-இல் அமைத்த நடைபாதை அது. கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரத்துக்கு அப்பால், ஆறு மணிக்குப் பின், வெள்ளைக் கப்பலொன்று மெல்ல வெளிப்பட்டது. அதுதானா என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. அவள் ஐயுறவில்லை. அது புள்ளியாகும் வரை நின்றாள்.

திரும்பும் பஸ்ஸிலே எனக்கு மனம் பொறுக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்தும் உங்களுக்கு ஒன்றையும் காட்டாமற் போனேனே, அம்மா" என்றேன்.

"ஏனுங்க ஐயா? புள்ள தூங்குனத பாத்தேனுங்களே" என்றாள்.

அதன் பின் அவள் கினிகத்தேனை வரை உறங்கினாள். நான் விழித்திருந்தேன்.

கப்பல் தங்கும் ஒரு பகலில் என்ன செய்யலாம் என்று இனி எவர் கேட்பினும் எனக்கு விடை உண்டு. இறங்குமுன் கப்பலின் நேரத்தைக் குறித்துக்கொள்க. மீள்வதற்கு வேண்டிய காலத்தை முதலிற் கழித்துவிட்டு, எஞ்சியதையே உமது பொழுது என்று கொள்க. ஐந்து இடங்களை எண்ணாதீர், ஓரிடம் போதும். அத்தீவிலே உம் மொழி பேசிய முன்னோர் எவரேனும் இறங்கியதுண்டா என்று விசாரியும். அவ்வூரார் உண்பதை உண்டு, அதன் பெயரைக் கேளும். உமக்காகக் காத்திருப்பார் ஒருவர் அங்கே உண்டாயின், வேறெங்கும் செல்ல வேண்டா. களைத்திருந்தால் உறங்குக.

பட்டியலை நான் கிழிக்கவில்லை. நன்னூற் புத்தகத்தினுள்ளே வைத்திருக்கிறேன். கடன் தீர்ந்ததும் முழு விடுமுறையில் வருவதாக எழுதியிருக்கிறான். முதற் பத்து நாளும் லயத்திலே உறங்கட்டும். அதற்குப் பிறகு தாயையும் மகனையும் அழைத்துப் போய் அக்கல்லைக் காட்டுவேன். நீரோடையின் மேல் அத்தனை காலம் கிடந்த கல், எங்களுக்காக இன்னும் சில மாதம் காத்திருக்கும்.